உள்ளூர் மாடு

2024 பெப்ரவரி 25, ஞாயிற்றுக்கிழமை. ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலின் கீழ்த்தளத்துக் கன்ரீனில் தோசைக்கு நம்பர் கூப்பிடும்வரை காத்துக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் இருந்தவர் எனக்குப் பதினைந்து வயது மூத்தவர். 83க்குப் பிறகு நாட்டை விட்டு வெளிக்கிட்டு, ஜேர்மனி வழியாக இங்கே வந்து சேர்ந்த ஆள். அவர் பெயர் வேண்டாம், அண்ணை என்றே எழுதுகிறேன். தேர்தல் என்றால் அவருக்குச் சோறு தண்ணி தேவையில்லை.

"பாத்தியே தம்பி, உவ நிக்கி ஹேலிக்கு நடந்ததை? ஆறு வருசம் கவர்னரா இருந்த சொந்த ஸ்டேற்றிலயே 60க்கு 40 எண்டு அடிச்சுக் கலைச்சுப்போட்டாங்கள். கிட்ட இருந்து பாத்த சனத்துக்குத்தானே ஆள் ஆரெண்டு தெரியும்? உள்ளூரிலை விலைபோகாத மாடு வெளியூரிலை விலைபோகுமே?"

பக்கத்து மேசையில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தோசை வந்துவிட்டது. அதோடு நான் ஹேலியின் ஆளும் இல்லை, அவருக்காக ஏன் வாய் கொடுப்பான் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கதை வீடு வந்த பிறகும் மனதுக்குள் கிடந்து உறுத்தியது. அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். அண்ணை கோபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். இதே கதையை நானும் கதைத்தவன்தான். 2016 நவம்பரில் ட்ரம்ப் வென்ற அடுத்த நாள், கனடாவிலிருந்து மச்சான் தொலைபேசி எடுத்து "என்னடாப்பா உங்கட நாடு" என்று சிரித்தபோது நான் சொன்ன பதில் இது: "ஆள் பிறந்து வளந்தது எங்கட குயீன்ஸில. ஜமேக்கா எஸ்டேற்ஸ். இஞ்ச இருந்து பஸ்ஸில போகலாம். நாங்கள் அஞ்சில ஒருத்தருக்குக் கொஞ்சம் கூடத்தான் அவருக்குப் போட்டனாங்கள். கோபுரம் கட்டி வைச்சிருக்கிற மான்ஹட்டனில பத்தில ஒண்டு. அறிஞ்ச சனம் அறிஞ்சுதான் போட்டிருக்கு!" நியூயோர்க் மாநிலம் முழுவதிலும் அவருக்குக் கிடைத்தது 36, 37 சதவீதம். ஹில்லரி கிளின்ரனுக்கு 59. அன்று அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா?

பிறகு என்ன நடந்தது? 2019 இல் ட்ரம்ப் நியூயோர்க்கை விட்டுப் புளோரிடாவைத் தன் நிரந்தர வதிவிடமாகப் பதிந்துகொண்டு போய்விட்டார். 2020 இல் நியூயோர்க்கில் அவருக்கு 38 சதவீதத்துக்குக் கிட்ட. 2024 இல் 43ஐத் தொட்டார். எங்கள் குயீன்ஸில் மூன்றிலொன்றையும் தாண்டிவிட்டார். இடையில் என்னென்ன வழக்குகள், என்னென்ன தீர்ப்புகள் என்று எல்லோருக்கும் தெரியும். "அறிஞ்ச சனத்தின் தீர்ப்பு" என்ற என் கதைப்படி பார்த்தால், ஆளை இன்னும் நன்றாக அறிந்தபிறகு சனத்துக்குப் பிடித்துவிட்டது என்றல்லவா சொல்லவேண்டும்? அதைச் சொல்ல நான் தயாரில்லை. ஆகவே 2016 இல் சொன்னதையும் திருப்பி எடுக்கவேண்டியதுதான். எனக்கு வசதியான வருசத்தில் மட்டும் சொந்த மாநிலம் நீதிமன்றம், வசதியில்லாத வருசத்தில் வெறும் கணக்கு என்று வைத்துக்கொள்ள முடியாது.

ஒரே சனம், ஒரே ஆள், ஆனால் வேறு வேறு முடிவு. இதற்கு ட்ரம்பை மட்டும் பார்க்கத் தேவையில்லை.

ஜோர்ஜ் மக்கவர்ன் தென் டக்கோட்டாவின் செனற்றர். 1972 இல் நிக்சனை எதிர்த்து நின்று நாட்டிலேயே மசாசுசெற்ஸையும் தலைநகர் வொஷிங்ரனையும் மட்டும் வென்றார். சொந்தத் தென் டக்கோட்டாவும் கைவிட்டது. அண்ணையின் நியாயப்படி விலைபோகாத மாடு. ஆனால் 1974 இல் அதே தென் டக்கோட்டாச் சனம் அதே மக்கவர்னைத் திரும்பவும் செனற்றுக்குத் தெரிவு செய்தது. இரண்டு வருசத்தில் மாடு மாறிவிட்டதா?

இரண்டு வருசம் கூட வேண்டாம். 2016 மார்ச் 15 அன்று புளோரிடாவின் உட்கட்சித் தேர்தலில் மார்க்கோ ரூபியோ ட்ரம்பிடம் மண் கவ்வினார். 67 கவுண்டிகளில் ஒன்றே ஒன்று, மயாமி-டேட் மட்டும் அவருக்கு. அன்றிரவே போட்டியிலிருந்து விலகினார். அதே ஆண்டு நவம்பரில் அதே புளோரிடா அவரை மீண்டும் செனற்றராக்கியது. எட்டே மாதம்.

இன்னும் பழையது வேண்டுமென்றால் அட்லாய் ஸ்ரிவன்சன். 1948 இல் இலினோய் ஆளுநராக ஐந்தரை இலட்சத்துக்கு மேல் வாக்கு வித்தியாசத்தில் வென்றவர். 1952 இல் ஐசனோவரிடம் நாட்டையும் தோற்றார், இலினோயையும் தோற்றார். நாலு வருசம் அவர் ஆண்ட ஆட்சி நல்ல ஆட்சி என்றுதான் பேர். எதிரில் நின்றவர் இரண்டாம் உலகப்போரை வென்று கொடுத்த தளபதி. இலினோய்க்காரர் போட்ட வாக்கு ஸ்ரிவன்சனின் குணத்துக்குப் போட்ட புள்ளியா?

ஆபிரகாம் லிங்கனுக்கு வாருங்கள். அவர் பிறந்தது கென்ரக்கியில். 1860 தேர்தலில் கென்ரக்கி முழுவதிலும் அவருக்கு விழுந்த வாக்கு ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். ஒரு சதவீதம் கூட இல்லை! எங்கள் ஊர்ச்சபைத் தேர்தலில் நின்றால்கூட அதற்குக் கிட்ட வாங்கலாம். கென்ரக்கி அடிமை முறை இருந்த மாநிலம் என்பதைத்தான் அந்த எண்ணிக்கை சொல்லுகிறதே ஒழிய, லிங்கனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்த விசயம் இதுதான். சொந்த மாநிலத்து வாக்கு பெரும்பாலும் வேட்பாளரைப் பற்றிச் சொல்வதில்லை, அந்த மாநிலத்தைப் பற்றித்தான் சொல்கிறது. அதை ஒரு மனிதனுக்கான நற்சான்றிதழாகவோ குற்றப்பத்திரமாகவோ வாசிப்பது பிழை. அதிலும் நாங்கள், ஊரை விட்டு ஓடி வந்த ஆக்கள், வாசிப்பது பெரும் பிழை.

அல் கோரின் கதையைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லவேண்டும். இது என் மனதை விட்டுப் போகாத கதை. 2000 நவம்பர் 7. புளோரிடாவில் 537 வாக்கு என்று உலகமே எண்ணிக்கொண்டிருந்தது. துளை விழாத வாக்குச்சீட்டுகளைக் கண்ணாடி வைத்துப் பார்த்த படங்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் கோர் தன் சொந்த ரெனசி மாநிலத்தை வென்றிருந்தால் புளோரிடாவே தேவைப்பட்டிருக்காது. ரெனசிக்கு 11 தேர்வாளர் வாக்குகள். கணக்கு அன்றிரவே முடிந்திருக்கும். அவர் அங்கே தோற்றது ஏறத்தாழ 80,000 வாக்கால், 51க்கு 47. பத்து வருசத்துக்கு முன், 1990 செனற் தேர்தலில், ரெனசியின் 95 கவுண்டிகளையும் ஒன்று விடாமல் வென்ற அதே ஆள்.

"சொந்த ஊர்க்காரனே வேண்டாமெண்டு சொன்னவன்" என்று அப்போது தொலைக்காட்சியில் எத்தனை பேர் சொன்னார்கள்! கோர் பாதிக் காலம் வொஷிங்ரனில் ஒரு ஹொட்டேலில் வளர்ந்தவர், கார்த்தேஜ் தோட்டத்துக்கு விடுமுறைக்குத்தான் போவார், அவர் உண்மையான ரெனசிக்காரரே இல்லை என்றார்கள். ஹொட்டேலில் வளர்ந்தது உண்மை. தகப்பன் செனற்றராக இருந்தால் பிள்ளை எங்கே வளரும்? 1990 இலும் அதே ஹொட்டேல்ப் பிள்ளைதானே நின்றது?

இடைப்பட்ட காலத்தில் மாறியது ரெனசி. தெற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஜனநாயகக் கட்சியை விட்டு விலகிக்கொண்டிருந்த காலம். துப்பாக்கிக் கட்டுப்பாடு ஒரு பக்கம், புகையிலை இன்னொரு பக்கம். கோரின் குடும்பமே புகையிலை நட்ட குடும்பம். 1984 இல் அக்கா நுரையீரல் புற்றுநோயில் போனபிறகு புகையிலைக்கு எதிராகக் கதைக்கத் தொடங்கினார். புகையிலை விளையும் ஊரில் அது எப்படி எடுபடும் என்று யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டக்காரரிடம் கேட்டுப்பாருங்கள்.

தகப்பனின் கதை இன்னும் பெரிது. அவர் பெயரும் அல்பேட் கோர்தான், 1953 முதல் ரெனசியின் செனற்றர். பாடசாலைகளில் கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்தக்கூடாது என்று தெற்கின் அரசியல்வாதிகள் 1956 இல் ஓர் அறிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கியபோது போட மறுத்தவர். 1964 குடியுரிமைச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தார், அந்தக் கறையையும் மறைக்கக்கூடாது. ஆனால் 1965 வாக்குரிமைச் சட்டத்தை ஆதரித்தார், வியட்நாம் போரை எதிர்த்தார். 1970 இல் ரெனசி அவரை வீட்டுக்கு அனுப்பியது. கிட்ட இருந்து பார்த்த சனம்தான் அனுப்பியது, அண்ணை! நல்லாய் அறிந்துதான் அனுப்பியது. அந்தத் தீர்ப்பை இப்போது நாங்கள் யார் பக்கம் நின்று வாசிக்கப்போகிறோம்?

இதற்காகக் கோர் மேல் பிழையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரெனசி கையில் இருக்கிறது என்று நினைத்துக் கன காலம் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டார். 2000 டிசம்பர் 13 இல் தோல்வியை ஏற்றுப் பேசியபோது, ரெனசிக்குப் போய் வேலிகளைச் சரிசெய்யப்போகிறேன், உண்மையான வேலியையும் மற்ற வேலியையும் என்ற பொருளில் ஒரு பகிடி விட்டார். (அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் வேலி அடைக்கப் போனால்தான் சண்டையே தொடங்கும். கதியாலைக் கால் அடி தள்ளி நட்டான் என்று நீதிமன்றம்வரை போன குடும்பங்கள் எத்தனை!) அதற்குப் பிறகு 2024 வரை எந்த ஜனாதிபதித் தேர்தலிலும் ரெனசி ஜனநாயகக் கட்சிப் பக்கம் வரவில்லை. ஆக, கோர் என்ற தனி ஆளின் பிரச்சினை இல்லை அது.

சரி, "சொந்த மாநிலம்" என்றால்தான் என்ன? மிற் றொம்னியைப் பாருங்கள். பிறந்தது மிச்சிகனில், தகப்பன் அங்கே ஆளுநர். இவர் ஆளுநராக இருந்தது மசாசுசெற்ஸில். விடுமுறை வீடு நியூ ஹம்ஷயரில், இன்னொரு வீடு கலிபோர்னியாவில். 2012 இல் நாலையும் தோற்றார். மசாசுசெற்ஸில் 23 புள்ளி வித்தியாசம். அங்கே 2006 இல் அவர் கையெழுத்திட்ட மருத்துவக் காப்புறுதிச் சட்டத்தை முன்மாதிரியாக வைத்துத்தான் ஒபாமாவின் 2010 சட்டம் வந்தது. அந்தச் சட்டம் சனத்துக்குப் பிடித்திருந்தது, கட்சிதான் பிடிக்கவில்லை. பிறந்தும் வளராத யூட்டா அவருக்கு 70 சதவீதத்துக்கு மேல் கொடுத்தது, பிறகு 2018 இல் செனற்றராகவும் அனுப்பியது.

இதைவிட வேடிக்கை 2000 இல் டிக் செனி செய்தது. ஒரு மாநிலத்தின் தேர்வாளர்கள் ஜனாதிபதிக்கும் உபஜனாதிபதிக்கும் இரண்டு பேருமே தங்கள் மாநிலத்தவராக இருந்தால் இருவருக்கும் வாக்களிக்க முடியாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் 12வது திருத்தம் சொல்கிறது. புஷ் ரெக்சாஸ் ஆளுநர். செனியும் ரெக்சாஸில், டலஸில், குடியிருந்தார். வேட்பாளர் அறிவிப்புக்குச் சில நாட்களுக்கு முன் வயோமிங்குக்குப் போய் வாக்காளர் பதிவை மாற்றிக்கொண்டு வந்தார். வழக்குப் போட்டும் எடுபடவில்லை. ரெக்சாஸின் 32 தேர்வாளர் வாக்குகள் தப்பின. புஷ் கடைசியில் வென்றது 271 இல், தேவை 270. சொந்த ஊர் என்பது ஒரு பத்திரத்தில் எழுதுகிற விலாசம். தேவைப்பட்டால் ஒரு பகலில் மாற்றலாம்.

எனக்கு அது ஒரு பகலில் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்த விசயத்தில் எனக்குக் கொஞ்சம் சூடு கூட.

என் அகதிக் கோரிக்கை விசாரணைக்கு வந்தபோது சட்டத்தரணி ஒரு கடிதம் கேட்டார். நான் இன்ன ஊரில் பிறந்து வளர்ந்தவன், என்னைத் தெரியும், நல்லவன் என்று ஊரில் பொறுப்பான ஒருவர் எழுதித் தரவேண்டும். அம்மா போய்க் கேட்டார். சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்தவர், எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். முடியாது என்றுவிட்டார். "இண்டைக்கு எழுதிக் குடுப்பன், நாளைக்கு ஒருத்தன் வந்து ஏன் குடுத்தனி எண்டு கேட்டால் ஆர் பதில் சொல்லுறது?" அவர் மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. அன்று இருந்தது. கடைசியில் கடிதம் வந்தது 95 இடப்பெயர்வில் நாங்கள் எட்டு மாதம் மட்டும் ஒதுங்கியிருந்த இடத்துப் பாதிரியாரிடமிருந்து. விசாரித்த அதிகாரி கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. உன்னுடைய சொந்த ஊரிலிருந்து ஏன் ஒருவரும் எழுதவில்லை என்று கேட்டார். அண்ணை கன்ரீனில் கேட்ட கேள்விதான், ஆங்கிலத்தில்.

ஊர் சாட்சி சொல்லாததற்கு ஊரில் ஆயிரம் காரணம் இருக்கும். பயம் இருக்கும், கட்சி இருக்கும், பழைய காணிச் சண்டை இருக்கும். பழமொழியைக்கூட அண்ணை தனக்கு வசதியாகத்தான் சொன்னார். என் அப்பாச்சி சொல்வது "உள்ளூர் மாடு விலைபோகாது" என்று. நல்ல மாடாக இருந்தாலும் உள்ளூரில் விலைபோகாது, அதுதான் அர்த்தம். மாட்டைக் குறை சொன்ன பழமொழி இல்லை அது, வாங்குகிறவனைச் சொன்னது.

மற்றப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் தூக்கிப் பிடித்தாலும் அதனால் ஒன்றும் ஆவதில்லை. 1984 இல் வோல்ரர் மொண்டேலை மினசோட்டா கைவிடவில்லை, 3,761 வாக்கால் காப்பாற்றியது. மிச்சம் 49 மாநிலமும் ரீகனுக்குப் போய்விட்டன. 2024 இல் கமலா ஹாரிஸுக்குக் கலிபோர்னியா 58 சதவீதம் கொடுத்தது. தாய்வழித் தாத்தாவின் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் பதாகை கட்டி, கோயிலில் பூசையும் வைத்தார்கள். எங்கள் ஆக்களும் "எங்கட பிள்ளை" என்று உருகினார்கள். துளசேந்திரபுரத்துக்கு ஒரு தேர்வாளர் வாக்கும் இல்லை, பாவம். "எங்கட பிள்ளை" என்று சொன்னவர்களில் எத்தனை பேர் அவரின் கொள்கைப் பத்திரத்தில் ஒரு பக்கமாவது வாசித்தார்கள்? ரொறன்ரோவில் நகரசபைத் தேர்தல் வந்தால் வேட்பாளர் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்துவிட்டு வாக்குப் போடுகிற பழக்கமும் இதே வியாதிதான்.

ஹேலிக்குத் திரும்பி வருகிறேன். தென் கரோலினாவில் அவர் தோற்றதில் என்ன இரகசியம்? கட்சி முழுவதும் ட்ரம்ப் பின்னால் போய்விட்டது. 2012 இல் ஹேலியே செனற்றுக்கு நியமித்த ரிம் ஸ்கொற் கூட ட்ரம்பின் மேடையில் நின்றார். 2010 இலும் 2014 இலும் ஆளுநராக அவரைத் தெரிவு செய்த மாநிலம்தான் அது.

திட்டவேண்டுமென்றால் திட்ட விசயம் இருக்கிறது, அண்ணை. 2015 இல் சார்ல்ஸ்ரன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பர்களைச் சுட்டுக் கொன்றபிறகு, சட்டசபை வளவிலிருந்து அந்த அடிமைக்காலக் கொடியை இறக்கியது ஹேலியின் ஆட்சி. அதைச் செய்தவர், 2023 டிசம்பரில் உள்நாட்டுப் போர் ஏன் வந்தது என்று நியூ ஹம்ஷயரில் ஒருவர் கேட்டபோது அடிமை முறை என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. இது கேள்வி.

இதைவிட எங்களுக்குக் கிட்டின கேள்வி ஒன்று இருக்கிறது. ஹேலி ஐநாவுக்கான தூதுவராக இருந்தபோதுதான், 2018 ஜூனில், அமெரிக்கா ஐநா மனித உரிமைகள் பேரவையை விட்டு வெளியேறியது. வெளியுறவுச் செயலாளருக்குப் பக்கத்தில் நின்று அதை அறிவித்தவர் அவர். 2012 இலிருந்து இலங்கை மீதான தீர்மானங்களை ஜெனீவாவில் முன்நின்று கொண்டுவந்தது அமெரிக்காதான், 2015 தீர்மானம் உட்பட. அது எழுந்து போனபிறகு பிரித்தானியா அந்தப் பொறுப்பை எடுத்து நடத்தவேண்டி வந்தது. காணாமல் போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரம் குந்தியிருந்த தாய்மாருக்கு அந்த ஜூன் மாதம் என்ன செய்தது?

அந்த ஞாயிற்றுக்கிழமை கன்ரீனில் நாலு மேசைக்குக் கேட்கக் கதைத்தோம். ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, தோசை ஆறிப்போய்விடும் என்று இருந்தேன். அடுத்தமுறை அண்ணையின் தோசைக்கு நான் காசு கொடுக்கிறேன். ஹேலி திரும்ப எப்போதாவது நின்றால் அவரைத் தென் கரோலினாச் சனம் என்ன செய்தது என்பதை விட்டுவிட்டு, ஜெனீவாவைக் கதைப்போம்.